திறந்த மூலத் திட்டத்தில் பங்களிக்க: முதல் வழு அறிக்கை முதல் பொறுப்பை ஒப்படைப்பது வரை

சம்பளம் இல்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து பராமரிக்கும் மென்பொருளில் எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது, வந்து சேரும் நிரலைப் படித்துப் பார்க்கும் நேரம். பராமரிப்பாளர் பிழைப்புக்கான வேலை முடிந்து, வீட்டு வேலையும் முடிந்து, இரவில் ஒரு மணி நேரம் உட்காருகிறார். அதற்குள் உங்கள் பங்களிப்பைப் புரிந்துகொண்டு, ஓட்டிப் பார்த்து, இணைத்துவிட முடிந்தால் அது உள்ளே போகும். முடியாவிட்டால் வரிசையிலேயே கிடக்கும். கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பதற்கான வழிகள்.

எந்தத் திட்டம்?

நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளையே எடுங்கள். எங்கே உறுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியும். திருத்தியபின் சரியாகிவிட்டதா என்றும் உங்களால் சொல்ல முடியும். பிறகு களஞ்சியத்தை (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) திறந்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்: கடைசி கமிட் (பதிவான மாற்றம்) எப்போது, கடைசி வெளியீடு எப்போது, உரிமக் கோப்பு இருக்கிறதா, கடந்த 3 மாதத்தில் வெளியாள் ஒருவரின் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை இணைக்கக் கோரும் விண்ணப்பம்) ஒன்றாவது இணைக்கப்பட்டிருக்கிறதா. நான்காவதுதான் முக்கியம். கமிட்டுகள் தினமும் வந்துகொண்டிருந்தாலும், வெளியாட்களின் 40 ரிக்வெஸ்ட்கள் பதிலே இல்லாமல் நின்றால், உங்களுடையது 41-ஆவதாக நிற்கும்.

உரிமக் கோப்பு இல்லாத களஞ்சியம், நிரல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாலும், திறந்த மூலம் ஆகாது. உரிமையாளர் அனுமதி தராதவரை மாற்றவோ பகிரவோ யாருக்கும் உரிமை இல்லை. அங்கே நிரல் எழுதத் தொடங்கும் முன், எந்த உரிமம் என்று கேட்டு ஒரு இஷ்யூ (திட்டப் பக்கத்தில் கேள்வியோ வழுவோ பதியும் இடுகை) போடுங்கள்.

திட்டம் முடிவானதும் உடனே நிரலை மாற்றத் தொடங்காதீர்கள். ரீட்மீ (அறிமுகக் குறிப்பு) கோப்பில் இருக்கிறபடியே, ஒரு படியையும் தாண்டாமல், மென்பொருளை உங்கள் கணினியில் கட்டி (நிரலை இயங்கும் வடிவமாக்கி) ஓட்டுங்கள். எங்கெல்லாம் தடுக்கி விழுகிறீர்களோ அதையெல்லாம் குறித்து வையுங்கள்: விடுபட்ட சார்பு நூலகம் (மென்பொருள் நம்பியிருக்கும் வேறு நிரல் தொகுப்பு), பழைய பதிப்பெண், இப்போது இல்லாத கோப்பின் பெயர். பல ஆண்டுகள் அங்கேயே புழங்குகிறவர்களுக்கு இந்தக் குறைகள் கண்ணில் படாது, அவர்கள் கணினியில் எல்லாம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். புதியவரால் மட்டுமே பிடிக்க முடிகிற பிழை இது. அந்தத் திருத்தமே நல்ல முதல் பங்களிப்பு.

அடுத்து, எதையும் மாற்றாமல் டெஸ்ட்கள் (மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் நிரல்கள்) அனைத்தையும் ஒருமுறை ஓட்டி, ஏற்கெனவே தோற்பவை எவை என்று எழுதி வையுங்கள். இதைச் செய்யாதவர்கள் பிறகு, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு டெஸ்ட் தோற்பதைப் பார்த்து, எதை உடைத்தோம் என்று இரண்டு நாள் தேடுவார்கள்.

வழு அறிக்கை

“தமிழ் சரியாக வரவில்லை, உடனே சரிசெய்யவும்” என்று ஒரு அறிக்கை வந்தால் பராமரிப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது. எழுத்துரு சிக்கலா, தேடல் சிக்கலா, மொழிபெயர்ப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவே நாலு மடல் போக வேண்டும். அதே வழுவை இப்படி எழுதலாம்:

தலைப்பு: பக்கப்பட்டையில் குறிப்பின் பெயரைச் சுருக்கும்போது கடைசி எழுத்து சிதைகிறது.
பதிப்பு: 3.2.1, லினக்ஸ். முந்தைய 3.1.0 பதிப்பில் இந்தச் சிக்கல் இல்லை.
செய்தது: புதிய குறிப்பு உருவாக்கி, “மரங்கொத்தி” என்று பெயரிட்டு, அமைப்புகளில் பெயரின் நீளத்தை 5 என்று வைத்தேன்.
எதிர்பார்த்தது: மரங்கொத்…
நடந்தது: மரங்க…
கவனித்தது: நீளம் 3 என்று வைத்தால் “மரங…” என வருகிறது, புள்ளி காணாமல் போகிறது.

இதைப் படிக்கும் நிரலர், தமிழே தெரியாதவராக இருந்தாலும், காரணத்தை ஊகித்துவிடுவார். கண்ணுக்கு ம, ர, ங், கொ, த், தி என்று 6 எழுத்து. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணினி எண்ணுவது 10. நிரல் ஐந்தாவது குறியீட்டுக்குப் பிறகு வெட்டியதால் “கொ”வின் குறி அறுந்து “க” மட்டும் மிஞ்சியது. எழுத்துக்கொத்து (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் குறியீடுகளின் சேர்க்கை) எல்லை பார்த்து வெட்டும் செயல்கூறு ஐசியு போன்ற நூலகங்களில் தயாராகவே இருக்கிறது. திருத்தம் சில வரிகளில் முடியும். அறிக்கையின் கடைசி வரிதான் இந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு மதிப்பை மாற்றி இன்னொரு முறை ஓட்டிப் பார்த்து எழுதுங்கள், பாதி ஆய்வு முடிந்துவிடும்.

பிழைச் செய்தியைப் படமாக எடுத்து ஒட்டாதீர்கள், உரையாக நகலெடுத்து ஒட்டுங்கள். படத்துக்குள் இருப்பதைத் தேடவும் முடியாது, திரைபடிப்பான் பயன்படுத்துகிறவருக்குப் படிக்கவும் முடியாது. ஒரு இஷ்யூவில் ஒரு வழு மட்டும் எழுதுங்கள்.

முந்தைய பதிப்பில் சரியாக இருந்தது என்று தெரிந்தால், மாற்ற வரலாற்றைக் காக்கும் ‘கிட்’ கருவியின் ‘கிட் பைசெக்ட்’ கட்டளையை ஓட்டுங்கள். நல்ல பதிப்பு எது, கெட்டது எது என்று சொன்னால், இடையில் உள்ள கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுக்கும். 1,000 கமிட் இருந்தாலும் ஏறத்தாழ 10 முறை சோதித்தால் குற்றவாளிக் கமிட் கையில் கிடைக்கும். சோதனையை ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதிக்கொடுத்தால் அந்த 10 முறையும் தானாகவே ஓடும். சரி என்றால் ஸ்கிரிப்ட் 0 திருப்ப வேண்டும், தவறு என்றால் 1, அந்தக் கமிட் கட்டவே வரவில்லை என்றால் 125. கடைசி எண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்போது கட்ட வராத கமிட்டும் ‘கெட்டது’ கணக்கில் விழுந்து, தப்பான ஆள்மேல் பழி போகும்.

பாதுகாப்பு ஓட்டை என்றால் மட்டும் பொது இஷ்யூ போடவே கூடாது. களஞ்சியத்தில் பெரும்பாலும் செக்யூரிட்டி என்ற பெயரில் கோப்பு இருக்கும், அதில் சொல்லியிருக்கும் தனி வழியில் அனுப்புங்கள். திருத்தம் வெளியாகும் வரை 90 நாள் பொறுப்பது பரவலான வழக்கம்.

நிரல் எழுதும் முன்

எழுத்துப்பிழை, சிறு வழு போன்றவற்றுக்கு நேராகவே புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். புதிய வசதி, புதிய சார்பு நூலகம், கோப்பு வடிவ மாற்றம் என்றால் முதலில் இஷ்யூவில் கேளுங்கள். மூன்று வாரம் உழைத்து எழுதிய வசதியை “இது திட்டத்தின் நோக்கத்தில் இல்லை” என்ற ஒரு வரியில் மூடுவது இருவருக்குமே வலி. ஒரு வசதியை ஏற்பது, அதை இன்னும் பத்தாண்டு பராமரிப்பேன் என்று வாக்குக் கொடுப்பதற்குச் சமம். பராமரிப்பாளர் தயங்குவது அதனால்தான்.

ஏற்கெனவே உள்ள இஷ்யூவை எடுக்கிறீர்கள் என்றால் “இதை நான் பார்க்கிறேன்” என்று அங்கேயே எழுதுங்கள். இரண்டு வாரத்தில் நகரவில்லை என்றால் “இப்போது முடியவில்லை, வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம்” என்று எழுதிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சத்தமில்லாமல் விட்டுப் போனால்தான் கெடுதல், எடுக்க நினைக்கும் மற்றவர்கள் உங்களுக்காக மாதக்கணக்கில் ஒதுங்கி நிற்பார்கள்.

உரிமம் பற்றிய வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள். ஜிபிஎல் உரிமத்தில் (மாற்றியதையும் அதே உரிமத்தில் பகிரச் சொல்வது) உள்ள நிரலை எடுத்து, நிபந்தனை குறைந்த எம்ஐடி உரிமத் திட்டத்தில் ஒட்டினால், அந்தப் பகுதி ஜிபிஎல் நிபந்தனைகளோடுதான் வரும். அதை ஏற்கப் பெரும்பாலான பராமரிப்பாளர்கள் மறுப்பார்கள். நீங்கள் நிறுவனத்தில் வேலை செய்பவர் என்றால் பணி ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதியதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று அதில் இருக்கலாம். அப்படியானால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) 2004 முதல் ஒவ்வொரு கமிட்டிலும் ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி கேட்கிறது. இதை அளிக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் தரும் உறுதிமொழி அது. இப்போது வேறு பல திட்டங்களும் கேட்கின்றன. கமிட் கட்டளையோடு சிறிய ‘எஸ்’ தெரிவைச் சேர்த்தால் அந்த வரி தானே விழும். செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரலுக்கும் திட்டத்துக்குத் திட்டம் விதி வேறு. ஜென்டூ, நெட்பிஎஸ்டி ஆகிய இயங்குதளத் திட்டங்கள் 2024-இல் அதற்குக் கட்டுப்பாடு விதித்தன. அனுப்பும் முன் பங்களிப்பு விதிகளைப் படியுங்கள்.

கிளை, கமிட், வேறுபாடு

ஃபோர்க் (உங்கள் கணக்கில் களஞ்சியத்தின் நகல்) எடுத்து, உங்கள் கணினிக்கு நகலெடுத்து, மூலக் களஞ்சியத்தை ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெயின் கிளையில் (திட்டத்தின் முதன்மை மாற்ற வரிசை) எதையும் எழுதாதீர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிக் கிளை வேண்டும். மெயினில் எழுதிவிட்டால் இரண்டாவது திருத்தம் முதலாவதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், இரண்டையும் பிரிப்பது கடினம்.

புதியவர்களின் ரிக்வெஸ்டில் அடிக்கடி நடக்கும் விபத்து: 3 வரி மாற்றம், வேறுபாட்டில் (பழைய நிரலையும் புதியதையும் ஒப்பிடும் பட்டியல்) 400 வரியாகத் தெரிவது. எடிட்டர் சேமிக்கும்போது கோப்பு முழுவதையும் தன் விருப்பப்படி ஒழுங்குபடுத்தியிருக்கும், அல்லது வரி முடிவுக் குறியை விண்டோஸ் வடிவத்துக்கு மாற்றியிருக்கும். ரிவ்யூ செய்பவர் (நிரலைப் படித்துப் பார்ப்பவர்) அந்த 400 வரியில் உண்மையான 3 வரியைத் தேட வேண்டும். பெரும்பாலும் தேட மாட்டார். அந்தத் திட்டத்துக்கு மட்டும் தானியங்கி ஒழுங்கை அணைத்து வையுங்கள். ‘கிட் ஆட்’ கட்டளையைச் சிறிய ‘பி’ தெரிவோடு ஓட்டினால் மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, சேர்க்கவா என்று கேட்கும். கமிட்டுக்கு முன் இதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மறந்துபோன சோதனை அச்சு வரிகளும், தவறி நுழைந்த கடவுச்சொல்லும் இங்கேதான் பிடிபடும். கடவுச்சொல் ஒருமுறை பொதுக் களஞ்சியத்துக்குப் போய்விட்டால், அடுத்த கமிட்டில் அழித்தும் பயனில்லை, வரலாற்றில் இருக்கும். அதை உடனே செல்லாததாக்கி, புதிது வாங்குவதுதான் வழி.

கமிட் செய்தியின் முதல் வரி ஏறத்தாழ 50 எழுத்துக்குள் இருக்கட்டும், பிறகு ஒரு வெற்று வரி, அடுத்து விளக்கம், வரிக்கு 72 எழுத்து. என்ன மாற்றினீர்கள் என்பதை வேறுபாடே காட்டும், ஏன் மாற்றினீர்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். 5 ஆண்டு கழித்து அந்த வரியை நீக்கலாமா என்று யோசிக்கிறவருக்கு அது ஒன்றே துணை.

புல் ரிக்வெஸ்டும் மோதலும்

சிறியதாக அனுப்புங்கள். 200 வரி தாண்டினால் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். பெயர் மாற்றம், இடமாற்றம் போன்ற நடத்தை மாறாத வேலை ஒரு கமிட்டிலும், உண்மையான மாற்றம் அடுத்த கமிட்டிலும் இருந்தால் படிப்பவருக்குப் பாதி வேலை குறையும். டெஸ்ட் ஒன்றைச் சேர்த்து, உங்கள் திருத்தத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு அந்த டெஸ்ட் தோற்கிறதா என்று பாருங்கள். திருத்தம் இல்லாமலும் வெல்லும் டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை. எந்த இஷ்யூ, ஏன் இந்த வழி, எப்படிச் சோதித்தீர்கள், எதைச் சோதிக்கவில்லை: விளக்கத்தில் இந்த நான்கும் இருக்கட்டும். கடைசியானதை நேர்மையாக எழுதுபவர்கள்மேல் பராமரிப்பாளருக்குச் சீக்கிரம் நம்பிக்கை வரும்.

காத்திருக்கும்போது மெயின் கிளை நகர்ந்து மோதல் (ஒரே இடத்தை இருவர் வெவ்வேறாக மாற்றியிருப்பது) வரும். அப்போது:

1. ‘கிட் ஃபெட்ச் அப்ஸ்ட்ரீம்’ ஓட்டி, உங்கள் கிளையில் நின்று, அப்ஸ்ட்ரீமின் மெயின் மேல் ‘கிட் ரீபேஸ்’ (உங்கள் கமிட்டுகளை அதன் மேல் மறுபடி அடுக்குவது) செய்யுங்கள்.
2. மோதல் குறிகள் உள்ள கோப்பைத் திறந்து, இரு பக்கமும் என்ன நினைத்து எழுதப்பட்டது என்று புரிந்துகொண்டு கையால் திருத்துங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ரீபேஸில் ‘அவர்ஸ்’ என்பது அப்ஸ்ட்ரீம், ‘தெயர்ஸ்’ என்பது உங்கள் கமிட். மெர்ஜில் (இரு கிளைகளை நேராக இணைப்பதில்) இருப்பதற்கு நேர்மாறு. இதை அறியாமல் ‘அவர்ஸ்’ கொடுத்துச் சொந்த வேலையை இழந்தவர்கள் பலர்.
3. கோப்பைச் சேர்த்து, ரீபேஸைத் தொடரச் சொல்லுங்கள். குழம்பிவிட்டால் ‘அபார்ட்’ தெரிவு கொடுங்கள், தொடங்கிய இடத்துக்கே போய்விடலாம்.
4. டெஸ்ட்களை மறுபடியும் ஓட்டுங்கள். மோதல் குறி இல்லாமல் இணைந்த நிரலும் தவறாக இருக்கலாம்.
5. ‘ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ தெரிவோடு உங்கள் ஃபோர்க்குக்குத் தள்ளுங்கள். வெறும் ‘ஃபோர்ஸ்’ கொடுத்தால், இடையில் பராமரிப்பாளர் உங்கள் கிளையில் சேர்த்திருக்கும் கமிட் சொல்லாமல் அழிந்துபோகும்.

ரிவ்யூ நடந்துகொண்டிருக்கும்போது வரலாற்றைத் திருத்தித் தள்ளலாமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். விதி எதுவும் இல்லையென்றால் திருத்தங்களைப் புதுக் கமிட்டாகச் சேர்த்து, கடைசியில் ஒன்றாக்குங்கள்.

பதில் வரவில்லையா? ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் பொறுத்து, ஒருமுறை பணிவாகக் கேளுங்கள். வந்த கருத்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள்: “மாற்றிவிட்டேன்” அல்லது “இந்தக் காரணத்தால் மாற்றவில்லை”. ‘நிட்’ என்று தொடங்கும் கருத்து சின்ன விருப்பம்தான், அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

மொழிபெயர்ப்பு

நிரல் தெரியாதவர்களும் செய்யக்கூடிய வேலை, ஆனால் எளிது என்று நினைத்து இறங்கினால் தவறும். தமிழில் வேற்றுமை உருபுதான் பொறி. மென்பொருள் ஓடும்போது பெயரோ எண்ணோ வந்து நிரம்பும் இடம் இடக்குறி. “இடக்குறி-ஐ அழிக்கவா?” என்று மொழிபெயர்த்தால், திரையில் “பாடம்-ஐ அழிக்கவா?” என்று வரும். ‘பாடத்தை’ என்று நிரலால் சாரியை போட முடியாது. பெயரை உருபு ஏற்காத இடத்தில் வையுங்கள்: “அழிக்கவா? கோப்பு: பாடம்”. ஒரே வாக்கியத்தில் இரண்டு இடக்குறி இருந்து, தமிழ்ச் சொல்வரிசையில் அவை இடம் மாறினால், எண்ணிட்ட இடக்குறிகளைப் பயன்படுத்துங்கள், இல்லையேல் எண் வர வேண்டிய இடத்தில் பெயர் வந்து நிரலே நின்றுபோகலாம். ‘ஃபஸ்ஸி’ (சரிபார்க்க வேண்டியது) என்று குறிக்கப்பட்ட வரிகள் வழக்கமாகக் கட்டும்போது சேராது. திருத்தியபின் அந்தக் குறியை நீக்கினால்தான் திரையில் வரும்.

பராமரிப்பாளர் பக்கம்

புதியவரின் முதல் ரிக்வெஸ்டுக்குச் சில நாட்களுக்குள் ஒரு வரி பதில் போட்டுவிடுங்கள். “பார்த்தேன், அடுத்த வாரம் படிக்கிறேன்” என்பது போதும். ரிவ்யூவில் முதலில் நோக்கம், அடுத்து அமைப்பு, பிறகு டெஸ்ட், கடைசியில் நடை. அமைப்பே ஏற்கத்தக்கதல்ல என்றால் காற்புள்ளிகளைத் திருத்தச் சொல்லி அவரை அலைக்கழிக்காதீர்கள். நடையைக் கருவியிடம் விட்டுவிடுங்கள். மனிதர் சொன்னால் குற்றம் சொல்வதாகத் தோன்றும், கருவி சொன்னால் தோன்றாது. வேண்டாம் என்றால் காரணத்தோடு வேண்டாம் என்று சொல்லி மூடுங்கள். ஓராண்டு திறந்தே வைத்திருப்பது மரியாதை ஆகாது.

‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று முத்திரை குத்தினால் மட்டும் போதாது. எந்தக் கோப்பு, எந்தச் செயல்கூறு, எந்த டெஸ்டை முன்மாதிரியாகப் பார்க்கலாம் என்று அதிலேயே எழுதுங்கள்.

முடிவுகளை எழுத்தில் எடுங்கள். குரல் அழைப்பில் பேசியதை அன்றே எழுதிப் போடாவிட்டால், அந்த நேரத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த முடிவு தெரியாது. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைத் திட்டங்களின் முறை இதற்கு உதவும்: முன்மொழிவைப் போட்டு, குறைந்தது 72 மணி நேரம் விட்டு, மறுப்பு இல்லையென்றால் நடத்துவது. அங்கே வெளியீட்டுக்கு மட்டும் குறைந்தது 3 ஆதரவு வாக்கு வேண்டும். நிரல் மாற்றத்தைத் தடுக்கும் மறுப்பு வாக்கோடு தொழில்நுட்பக் காரணமும் வேண்டும்.

அனுமதி கொடுப்பதில் எக்ஸ்-இசட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) நிகழ்வை மறக்கக் கூடாது. களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரிடம் நல்ல பங்களிப்பாளராக வந்த ஒரு கணக்கு, இரண்டாண்டுக்கும் மேல் நம்பிக்கை சம்பாதித்து, வெளியீட்டு உரிமையும் பெற்றது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) நுழைந்தது. எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினியில் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய நிரலர் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட், 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். பின்கதவைத் திறந்துவிட்ட வரிகள் வெளியீட்டுத் தொகுப்பில் இருந்தன, கிட் களஞ்சியத்தில் இல்லை. ஆகவே தொகுப்பை யாருடைய மடிக்கணினியிலும் கட்டாமல், குறியிட்ட கமிட்டிலிருந்து தானியங்கியாகக் கட்டுங்கள். இணைக்கும் உரிமையையும் வெளியிடும் உரிமையையும் தனித்தனியாகக் கொடுங்கள். எல்லாக் கணக்குக்கும் இரட்டை அடையாளச் சரிபார்ப்பு வையுங்கள். “ஏன் இன்னும் இணைக்கவில்லை, வேறு ஆளிடம் கொடுங்கள்” என்று யாராவது விரட்டினால், அந்த அவசரத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-இசட் பராமரிப்பாளர்மீதும் அப்படித்தான் அழுத்தம் வந்தது.

விலகும்போது

யாரும் கடைசிவரை இருக்க முடியாது. இருக்கும்போதே பட்டியல் ஒன்று எழுதிவையுங்கள்: டொமைன் யார் பெயரில், எப்போது புதுப்பிக்க வேண்டும், தொகுப்புக் களஞ்சியக் கணக்கு யாரிடம், கையொப்பச் சாவி எங்கே, தானியங்கிச் சோதனைக்கு யார் பணம் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெயர் மட்டும் இருக்கும் வரியை அடுத்த மாதத்துக்குள் சரிசெய்யுங்கள்.

நேரம் இல்லை என்று தெரிந்ததும் அறிவித்துவிடுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் பராமரிப்பாளர் விட்டுவிட்ட தொகுப்பு ‘அனாதை’ என்று பொதுப் பட்டியலில் ஏறும், விருப்பமுள்ளவர் எடுத்துக்கொள்வார், அதுவரை தரக்குழு பார்த்துக்கொள்ளும். சிறிய திட்டத்திலும் ரீட்மீயின் முதல் வரியில் “புதிய பராமரிப்பாளர் தேவை” என்று போடலாம். ஆள் கிடைத்ததும் சாவிகளைக் கொடுத்துவிட்டு மறைந்துவிடாதீர்கள். அடுத்த வெளியீட்டை அவரே செய்யட்டும், நீங்கள் எதையும் தொடாமல் பக்கத்தில் இருந்து கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எங்கெல்லாம் அவர் கேட்க வேண்டிவந்ததோ அதையெல்லாம் வெளியீட்டுக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கடுத்த வெளியீடு உங்களிடம் ஒரு கேள்வியும் வராமல் முடிந்தால், உங்கள் கணக்கின் உரிமைகளை நீங்களே நீக்கிவிடலாம்.